வீட்டில் வேறு யாருக்காவது

ரஹ்மத்நிஷா டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டை
நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன்.
பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போதே
வேர்வையில் ஊறிப்போயிருந்தது.
ஜன்னலோரம் ஜெர்வின்.
எதிரே வந்த மீன் லாரிகளில்
ஐஸ் எவ்வளவு உருகியிருக்கும் என்று
சொட்டும் தண்ணீரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான்.

நாலாம் வகுப்பு.
பார்த்து எழுதினால் வரும்.
சொல்லக் கேட்டு எழுதினால்
கடல், டகல் ஆகிவிடும்.
"எழுதாட்டி என்ன, போட்டுல ஏத்திக்கிறேன்"
என்றார் கித்தேரியான்.
"ஏர்வாடில மூணு ராத்திரி தங்கிட்டு வா"
என்றாள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா.
வகுப்பு வாத்தியார் சொன்னதை
இங்கே சொல்ல வேண்டாம்.

பெரியாஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால்
துண்டால் கையோடு கை கட்டிக்கொண்டு
ஒரு அண்ணனும் தம்பியும்.
"எனக்கும் அதுவாம்மா?"
"இல்லடா, உனக்குச் சும்மா பரீட்சை மாதிரி."
பரீட்சை என்றதும் முகம் வெளுத்து
அந்தத் தம்பியையே பார்த்தான்,
அதுவே தேவலை என்பதுபோல.

சின்ன வயசு டாக்டர்.
மேடம் என்பதா பாப்பா என்பதா தெரியவில்லை.
முதலில் கேள்வி எனக்கு.
தலை எப்ப நின்னுச்சு?
கட்டக்கோரை எடுக்கிற மாசம்.
எப்ப நடந்தான்?
ஏழாம் நம்பர் கூண்டு ஏத்தின வாரம்.
அவர் மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்து
அதையெல்லாம் மாதமாக்கி எழுதிக்கொண்டார்.
மூணாவது பக்கம் திருப்பி,
"வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி படிக்க..."
"இல்ல" என்றேன்.
கேள்வி இன்னும் முடியவில்லை.

கதவைப் பாதி சாத்தினார்கள்.
இடுக்கில் அவன் ஒரு கால் மட்டும் தெரிந்தது.
ஆடிக்கொண்டிருந்தது.
சிவப்பும் வெள்ளையுமாய்க் கட்டைகளைக் கொட்டிய சத்தம் கேட்டதும்
நின்றது.
பேப்பர் சரசரத்ததும்
திரும்ப ஆட ஆரம்பித்தது.

நான் சுவரைப் பார்த்தேன்.
சுவர் நிறைய எழுத்து.
மரிக்கொழுந்தையும் கஞ்சிப்பாசியையும்
விரலில் துணி சுற்றியிருந்தாலும்
கண்ணை மூடிப் பிரித்துவிடுவேன்.
எழுத்துக்குத் தொட இடமில்லை.
கலங்கின தண்ணீருக்குள் மாதிரி
நான் போவதற்குள் அது நகர்ந்துவிடும்.

ஆறாம் வகுப்பில் வயிற்றுவலி என்று சொல்லி
கடலில் இறங்கினவள்.
எனக்கு யாரும் சீட்டு எழுதவில்லை.
குழு லோனுக்குப் போடும் கையெழுத்தைப்
படம் வரைகிற மாதிரிதான் பழகினேன்.
தொடக்கம் மறந்தால் முழுப் பேரும் போச்சு.
பஸ்ஸைக் கலரிலும்
கண்டக்டர் குரலிலும் பிடிப்பேன்.
டீச்சர் சீட்டில் என்ன எழுதியிருந்தது?
வளைவாய் ஒரு கையெழுத்து, ஒரு பச்சை முத்திரை.

வெளியே வந்தான். கட்டை விரலில் மை.
"இன்னும் ரெண்டு தடவை வரணும். அடுத்த புதன்."
புதன் என்றால் ஒரு நாள் பாசி போகும்.
தலையாட்டினேன்.

பஸ்ஸ்டாண்டில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது.
"இது பாம்பன் போறதாம்மா?"
அவன் பலகையைப் பார்த்தான். உதடு அசைந்தது.
நானும் பார்த்தேன்.
என் உதடும் அசைந்திருக்க வேண்டும்.
ரெண்டு பேரும் அண்ணாந்து நிற்க
பஸ் கிளம்பிப் போய்விட்டது.
"தங்கச்சிமடம், பாம்பன்"
என்று கத்திக்கொண்டே போனார் கண்டக்டர்.

திரும்ப நடந்தோம். வெயில்.
"ஏம்மா? தப்பாப் போட்டுட்டேனா?"
"நீ இல்ல."

டாக்டர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்.
எலுமிச்சை சாதம்.
"சாப்பிட்டுட்டே கேளுங்க மேடம்.
அந்த மூணாவது பக்கம்.
இல்லைன்னு சொன்னேன்ல, அதை அடிச்சிருங்க."
"யாருக்கும்மா?"

ஜெர்வின் என் சேலையை விட்டுவிட்டு
நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்,
லாரியைப் பார்க்கிற மாதிரி.